சூடு போதாமல் உதிர்ந்த சாந்து: மூன்று முறை கட்டிய பீட்சா அடுப்பு

"உங்க அடுப்புக்குச் சூடு பத்தல தம்பி. அதான் உதிருது" என்றார் பெரியவர்.

ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்து வெளியே வரும் அடுப்பைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். கோவை கணபதி பக்கத்துப் பவுண்டரியில் முப்பது வருடம் குபோலா உலைக்குள் இறங்கி மண் பூசியவர். இரும்பு உருகும் உலைக்குப் பூசுகிற மண் நம் அடுப்புக்குத் தாங்காதா என்று நாங்களாகவே முடிவுகட்டி, அதே மண்ணை மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டியிருந்தோம். அதுதான் இப்போது விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது.

2021 முதல் 2023 வரை அந்த அடுப்பை மூன்று முறை கட்டினோம். வடிவமும் அளவும் மாறவில்லை. கல் அநேகமாக அதே கல். கொத்தனாரும் அவரேதான். முக்கியமாக மாறியது சாந்து; மூன்றாவதில் மட்டும் கல்லைச் சரிவாக அறுத்துச் சந்தையும் குறைத்தோம். அதனால் எது எதனால் கெட்டது என்பதை ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

அடுப்பும் இடமும்

தொண்டாமுத்தூர் போகும் வழியில் வீடு. பின்கட்டில் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில், கூரையில்லாத திறந்த இடம். ஐப்பசி, கார்த்திகை மழை நேராக மேலேயே விழும். இந்த ஒரு தகவல் எவ்வளவு முக்கியம் என்பது அப்போது தெரியவில்லை.

உள்விட்டம் 90 செ.மீ. உள்ள அரைக்கோளக் குவிமாடம்; உயரம் 45 செ.மீ. வாசலின் உயரம் 28 செ.மீ. குவிமாட உயரத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடு வாசல் இருந்தால் புகையும் காற்றும் ஒழுங்காகப் போய்வரும் என்பது விறகு அடுப்பு கட்டுகிறவர்களின் பழைய கணக்கு. கல், 230 × 115 × 75 மி.மீ. பயர் பிரிக், அதாவது நெருப்பைத் தாங்கும் செங்கல். குவிமாடத்துக்கு ஒவ்வொரு கல்லையும் இரண்டாக அறுத்துக்கொண்டோம். தரை, வாசல் வளைவு, உடைசல் எல்லாம் சேர்த்து 120 கற்கள் ஆயின.

கல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6 நடுத்தரச் சூட்டுக்கான பயர் பிரிக், ஐ.எஸ். 8 கடுஞ்சூட்டுக்கானது. பீட்சாவுக்கு ஐ.எஸ். 6 தாராளம். சேலத்து உறவினர் ஒருவர் மாக்னசைட் கல் இலவசமாகத் தருகிறேன் என்றார், நல்லவேளை வாங்கவில்லை. அது எஃகு உலைக்கான கல். சூட்டில் அதிகம் விரியும், அடிக்கடி ஏறி இறங்கும் சூட்டில் வெடிக்கும், ஈரமும் ஆகாது.

எவ்வளவு சூடு என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் நாப்போலி பீட்சாவுக்கென 1984இல் அமைந்த சங்கத்தின் விதிப்படி அடுப்புத் தரை 380 முதல் 430 டிகிரி, குவிமாடம் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 நொடி. எங்கள் அகச்சிவப்பு வெப்பமானியும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டியது. தணலை ஒதுக்கி வைக்கும் மூலையில் மட்டும் 550ஐத் தாண்டும். ஆக, உலை என்று பார்த்தால் இது ஒரு குழந்தை. ஆனால் தொடர்ந்து எரியும் பெரிய உலைகள் மாதக்கணக்கில் ஒரே சூட்டில் நிற்கும். இதுவோ மாதத்துக்கு மூன்று தடவை 30 டிகிரியிலிருந்து 500க்கு ஏறி மறுநாள் காலையில் மீண்டும் 30க்கு வரும். நடுவில் மழையில் நனையும்.

முதல் கட்டு: சிமெண்ட்

சாதாரண சிமெண்ட் ஒன்றுக்கு எம்-சாண்ட் நான்கு. கொத்தனார் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார்: "நெருப்புப் பக்கம் சிமெண்ட் நிக்காதுங்க சார், புத்துமண்ணு போடலாமுங்க." பயர் பிரிக் வாங்குமளவுக்கு விவரம் தெரிந்த நாங்கள் புற்றுமண் யோசனையைச் சிரித்து ஒதுக்கினோம். அந்தச் சிரிப்புக்கான தண்டனை இரண்டு வருடம் நீடித்தது.

முதல் ஐந்து தடவை எரித்தபோது ஒன்றுமே ஆகவில்லை. மயிரிழை விரிசல் இரண்டு. அது எல்லாக் குவிமாடத்திலும் வரும். பிறகு மழைக்காலம். ஆறு வாரம் அடுப்பைத் தொடவில்லை. கார்த்திகை தீபத்தன்று எட்டிப் பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்துகள் உப்பி, உள்ளே தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடி கொட்டிக் கிடந்தது. எரியும்போது நின்ற சாந்து, சும்மா இருந்தபோது விழுந்திருக்கிறது. இதுதான் எங்களை வெகுநாள் குழப்பிய விஷயம்.

காரணம் சிமெண்டின் உள்ளேயே இருக்கிறது. சிமெண்ட் இறுகுவது தண்ணீரோடு சேர்ந்து. அந்தத் தண்ணீர் அதன் உடம்பின் ஒரு பகுதி. 100 டிகிரியைத் தாண்டியதும் அது சிறிது சிறிதாக வெளியேறத் தொடங்கும். 300க்கு மேல் வலு கண்கூடாகக் குறையும். 400க்கும் 500க்கும் இடையில், இறுகிய சிமெண்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, தண்ணீரை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். வெற்றிலைக்குச் சுண்ணாம்புக் கல்லை நீற்றிப் பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. சுட்ட சுண்ணாம்பு ஈரத்தைக் கண்டால் மறுபடி குடித்து உப்பும். ஆறு வார மழை ஈரத்தில் எங்கள் சந்துகளுக்குள் அதுதான் நடந்தது. சிமெண்டை நெருப்பு பாதி கொன்றது. மீதியை ஈரம் முடித்தது.

மணலும் நிரபராதி இல்லை. மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று பருக்கும், ஆறும்போது சுருங்கும். தணல் மூலையில் மட்டும் கற்களின் விளிம்பே தெறித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகவே படுகிறது.

இரண்டாம் கட்டு: பவுண்டரி மண்

கோவையில் பயர் கிளே, அதாவது நெருப்பைத் தாங்கும் களிமண், தேடுவது கஷ்டமே இல்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்படம் ஊற்றும் பட்டறைகள் இருக்கிற ஊர். அவற்றுக்குச் சரக்குக் கொடுக்கிற கடைகளும் உண்டு. மூட்டையில் 1400 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தது. நமக்குத் தேவை 500. மும்மடங்கு பாதுகாப்பு என்று மகிழ்ந்துபோய்ப் பழைய கற்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்த மண்ணை மட்டும் குழைத்துக் கட்டினோம்.

இதில் இரண்டு தவறு. ஒன்று வேதியியல், மற்றது வெறும் கணக்கு.

வேதியியலைப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "இந்த மண்ணு வேகணும்னா ஆயிரத்துக்கு மேல போகணும் தம்பி, உங்க அடுப்பு அதுல பாதிதான்." இது சூட்டில் இறுகும் சாந்து. வெறும் களிமண்ணாகப் பூசப்பட்டு, உலைச் சூட்டில் வெந்து, பானை ஓடுபோல ஆகி, அப்புறம்தான் கல்லோடு கல்லாக ஒட்டும். களிமண் ஏறத்தாழ 500, 600 டிகிரியைத் தாண்டினால்தான் உள்ளிருக்கும் தண்ணீரை இழந்து, பிறகு நனைந்தாலும் குழையாத பொருளாக மாறும். எங்கள் சந்துகளில் உள்முகத்து ஓரம்கூட அந்த எல்லையை ஒழுங்காகத் தொட்டதில்லை. பின்பக்கம் அதன் கிட்டேயே போகவில்லை. அதனால் மொத்தச் சாந்தும் சுடாத பச்சைப் பானையாகவே நின்றது. முதல் மழை அதைக் கரைத்து வெளிப்பூச்சின் அடியில் சேறாக இறக்கியது. மூட்டையில் எழுதியிருந்த 1400 பொய்யில்லை; அது உருகாமல் நிற்கும் எல்லை. எங்கே ஒட்டத் தொடங்கும் என்பதை மூட்டை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கணக்குத் தவறு இதைவிட எளிது. உள்ளாரம் 450 மி.மீ., கல்லின் ஆழம் 115 மி.மீ., எனவே வெளியாரம் 565. உள்பக்கம் கல்லும் கல்லும் தொட்டுக்கொண்டிருந்தாலும், 75 மி.மீ. உயரமுள்ள கல்லுக்குப் பின்பக்கம் 94 மி.மீ. இடம் கிடைக்கும். அதாவது வரிசைக்கு வரிசை பின்னால் 19 மி.மீ. ஆப்பு வடிவ இடைவெளி. பக்கவாட்டில் 115 மி.மீ. அகலத்துக்கு அடிவரிசையிலேயே 29 மி.மீ. வரை வரும். பவுண்டரியில் இந்தப் பிரச்சினை இல்லை. அவர்கள் சரிவாக வார்த்த ஆப்புக் கற்களை வைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்தில் மண்ணைக் கூழாகத் தடவி ஒட்டுகிறார்கள். அந்த மெல்லிய சந்துக்கென உள்ள மண்ணை மூன்று செ.மீ. கனத்துக்கு அடைத்தால் காயும்போதே வறண்ட குளத்துத் தரை மாதிரி வெடிக்கும். வெடித்தது.

செவ்வகக் கல்லை ஆப்பாகச் செதுக்கியிருந்தால் சாந்தின் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். இதைப் பின்னால்தான் உணர்ந்தோம். எந்தச் சாந்து என்று தேடுவதற்கு முன் எவ்வளவு கனச் சந்து என்று அளக்க வேண்டும்.

கடையில் கிடைத்தவை

மூன்றாவது கட்டுக்கு அவசரப்படவில்லை. என்னென்ன உண்டு என்று பார்த்தோம்.

காற்றில் இறுகும் ரெடிமேட் சாந்து ஒன்று. அதே பயர் கிளேயோடு சோடியம் சிலிகேட், பவுண்டரிப் பேச்சில் சிலிகேட் அல்லது வாட்டர் கிளாஸ், சேர்த்திருப்பார்கள். காய்ந்தாலே பிடித்துக்கொள்ளும், 1000 டிகிரிக்குக் காத்திருக்காது. ஆனால் இதுவும் மெல்லிய சந்துக்கானது. தவிர, சிலிகேட் பிடிப்பு தண்ணீருக்கு இளகும். கூரைக்கடியில், செதுக்கிய கல்லோடு கட்டுகிறவர்களுக்கு நல்ல தேர்வு.

அடுத்தது ஹை அலுமினா சிமெண்ட். இது எனக்குப் பிடித்த பொருள். பிரான்சில் ஜூல் பியே என்பவர் 1908இல் காப்புரிமை பெற்றது. அவர் தேடியது நெருப்பைத் தாங்கும் சிமெண்டை இல்லை, ஜிப்சம் கலந்த மண்ணில் அரித்துப் போகாத சிமெண்டை. சாதாரண சிமெண்ட்போல நீற்றிய சுண்ணாம்பை இது உள்ளே விட்டுவைப்பதில்லை. அதனால் முதல் கட்டில் நாங்கள் பார்த்த உப்பல் இதில் கிடையாது. ஒரே நாளில் முக்கால்வாசி வலுவும் வந்துவிடும். சூட்டுக்கு என்று மட்டும் பார்த்தால் இதுவே மேல்.

இதில்தான் ஒரு கோமாளித்தனம் செய்தோம். வீட்டில் அடுப்பு கட்டுகிறவர்களின் வழக்கமான கலவையில் சிமெண்டோடு சுண்ணாம்பும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்தச் சிமெண்டின் இடத்தில் இதைப் போட்டால் இன்னும் உசத்திதானே என்று, சுண்ணாம்பையும் ஹை அலுமினா சிமெண்டையும் ஒரே தட்டில் குழைத்தோம். "கரண்டிய எடுக்கறதுக்குள்ள கல்லாப் போச்சுங்க சார்" என்று கொத்தனார் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளி விழவில்லை. சுண்ணாம்போ சாதாரண சிமெண்டோ சேர்ந்தால் இது நிமிடங்களில் இறுகிவிடும். சேர்க்கவே கூடாது. அந்தத் தட்டு இன்னும் கொய்யா மரத்தடியில் கிடக்கிறது, காக்கைக்குச் சோறு வைக்க.

கடைசியாகப் புற்றுமண், கொத்தனாரின் முதல் யோசனை. எங்கள் பாட்டி விறகடுப்பு போட்டதும் அதில்தான். கரையான் சலித்துக் கொடுத்த நுண்ணிய களிமண். இரண்டு, மூன்று பங்கு மணல் சேர்த்தால் சுருக்கம் அடங்கும். மேலே கூரை மட்டும் இருந்திருந்தால் நான் இதையே போட்டிருப்பேன், ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டேன். குவிமாடம் சாந்தின் பலத்தில் நிற்பதில்லை. கல் கல்லை அழுத்தித் தன் வடிவத்தில் நிற்கிறது. சாந்தின் வேலை இடைவெளியை நிரப்புவது, சுமையைச் சமமாகப் பரப்புவது, புகையை அடைப்பது. அதை மண்ணே செய்யும். விரிசல் விழுந்தால் ஒரு கை மண்ணைப் பிசைந்து அப்பிவிடலாம். மழை ஒன்றுதான் அதற்கு எமன்.

மூன்றாம் கட்டு

2023 மாசியில் கட்டினோம். எடுத்த கலவை: மணல் 3, சாதாரண சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, பயர் கிளே 1. எல்லாம் ஒரே டப்பாவால் அளந்த பங்கு. உலகெங்கும் வீட்டில் அடுப்பு கட்டுகிறவர்கள் வெகுநாளாகப் போடுகிற கலவைதான் இது. எங்கள் கண்டுபிடிப்பு இல்லை.

முதல் கட்டில் கெட்ட சிமெண்ட் இங்கே ஏன் என்று கேட்கலாம். இங்கே அது கட்டி முடியும் வரை பிடித்துக்கொள்ளும் சாரம் மட்டுமே. நெருப்புப் பக்கத்து ஓரத்தில் அது செத்துப்போகும் என்று தெரிந்தேதான் போடுகிறோம். அங்கே களிமண் நிரப்பியாக நிற்கும். 115 மி.மீ. ஆழத்தில் பின்பக்கம் அவ்வளவு சூடு ஏறாது; அங்கே சிமெண்டும் சுண்ணாம்பும் பிழைத்து, மழை ஈரம் கசிந்தாலும் குழையாமல் தாங்கும். ஆறில் ஒரு பங்குதான் சிமெண்ட் என்பதால் சாந்து கல்லைவிட மென்மையாகவே இருக்கும். அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். 90 செ.மீ. குவிமாடம் முழுச் சூட்டில் ஏறத்தாழ 2 மி.மீ. விரியும், அந்த விரிவுக்கு எங்காவது இளகிக் கொடுத்தாக வேண்டும். சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் விரிசல் கல்லின் குறுக்கே ஓடும். சந்தில் விரிந்த சாந்தைச் சுரண்டி மாற்றலாம், உடைந்த கல்லை என்ன செய்வது?

மணலில் ஒரு மாற்றம் செய்தோம். பாதிக்குப் பாதி, முதல் கட்டில் தெறித்து வீணான பயர் பிரிக் துண்டுகளை உரலில் இடித்துச் சலித்த பொடி. ஏற்கெனவே சூளையில் வெந்த பொருள். இனிச் சுருங்காது, 573 டிகிரியில் குவார்ட்ஸ் போடும் ஆட்டமும் அதில் குறைவு. இடித்தவருக்குத் தோள் போயிற்று என்பது வேறு கதை. அந்தப் பொடியும் கல் அறுக்கும் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. நனைத்து அறுப்பதும் முகமூடி போடுவதும் கட்டாயம்.

சுண்ணாம்பு வாங்கும்போது கவனம் வேண்டும். வெள்ளையடிக்க என்று விற்கும் பொடியெல்லாம் சுண்ணாம்பு இல்லை. வெறும் சுண்ணக்கல் மாவும் அதில் உண்டு. அது எதையும் ஒட்டாது. நாங்கள் சுட்ட கல்லையே வாங்கி, தண்ணீரில் நீற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, வெண்ணெய்போல வந்ததும் அளந்தோம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. நீறும்போது கொதித்துத் தெறிக்கும்.

கல்லை வைக்கும் முன் நிமிட நேரம் தண்ணீரில் முக்கினோம். வறண்ட பயர் பிரிக் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிறகு சாந்து பிடிக்காமல் தட்டாகக் கழன்று வரும். இரண்டாம் கட்டில் கழன்ற கற்கள் அப்படித்தான் சுத்தமான முகத்தோடு வந்தன. உள்பக்கச் சந்து 3 மி.மீ.க்கு மேல் போகாதபடி இந்தத் தடவை பக்கவாட்டு முகங்களைச் சரிவாக அறுத்தோம். பின்பக்கம் 29 மி.மீ. இருந்த இடைவெளி பத்துக்குள் அடங்கியது. அறுக்க மனமில்லாத மேல்வரிசைகளில் கல் துண்டுகளை ஆப்பாகச் செருகிச் சாந்தின் கனத்தைக் குறைத்தோம்.

தரைக்குச் சாந்தே போடவில்லை. பயர் கிளேயும் மணலும் கலந்த மெல்லிய படுக்கையின்மேல் கற்களை நெருக்கி அடுக்கினோம், அவ்வளவுதான். தரைச் சந்தில் சாந்து இருந்தால் கிளறுகோல் பட்டுப்பட்டு அது பீட்சாவின் அடியில் ஒட்டும். விரிவுக்கும் இடம் வேண்டும். தேய்ந்த கல்லை ஒரு நாள் மாற்றவும் வேண்டும்.

வாசல் வளைவிலும் புகைபோக்கிக் கழுத்திலும் மட்டும் ஹை அலுமினா சிமெண்ட். தீ நாக்கும் வெளிக்காற்றும் மாறி மாறி அடிக்கும் இடம் அது. இடித்த பொடி 3, அந்தச் சிமெண்ட் 1, வழவழப்புக்குக் கொஞ்சம் பயர் கிளே. சுண்ணாம்பு வாசனையே கூடாது என்று தட்டைக் கழுவிக் கழுவிக் குழைத்தோம். ஒரு தடவைக்கு மூன்று கல்லுக்குத் தேவையான அளவுதான். முழுக் குவிமாடத்துக்கும் இதைப் போடாததற்குக் காரணம் விலை மட்டுமில்லை. ஒவ்வொரு அரைக்கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வைக்கிற எங்கள் வேகத்துக்கு இந்தச் சாந்து காத்திருக்காது.

ஒரு வாரம் ஈரச்சாக்கு. அடுத்த வாரம் வெறுமனே காயவிட்டோம். பிறகு ஏழு நாள் சின்னத் தீ: முதல் நாள் 100 டிகிரியைத் தாண்டாமல் சுள்ளியும் தேங்காய்த் தொட்டியும், அப்புறம் நாளுக்கு ஐம்பது டிகிரியாக ஏற்றினோம். சாந்துக்குள் அடைபட்ட தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி கொடுக்காமல் ஒரேயடியாக எரித்தால் உள்முகம் பெயர்ந்து விழும். இரண்டாம் நாள் குவிமாடத்தின் வெளிப்பக்கம் வியர்த்து ஒழுகியது. பயப்பட ஒன்றுமில்லை, அதற்காகத்தான் இந்தப் பொறுமை. ஈரம் நின்ற பிறகே சூட்டை உள்ளேயே நிறுத்தும் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வை இரண்டு சுற்று சுற்றி, கோழிவலை கட்டி, மேலே சுண்ணாம்பு சேர்த்த பூச்சு. உச்சியில் ஆவி போக ஒரு சிறு குழாய் விட்டோம். மழைக்கு அதன்மேல் ஒரு சிரட்டை.

இப்போது

இரண்டு ஐப்பசி மழை கடந்துவிட்டது. மாதம் மூன்று தடவை எரிகிறது. தணல் மூலைக்கு மேலே மூன்றாவது வரிசையில் ஒரு சந்து விரிந்திருக்கிறது. அடுப்பு குளிர்ந்திருக்கும்போது தபால் அட்டையின் ஓரம் நுழையும்; முழுச் சூட்டில் மூடிக்கொள்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறோம். அடைத்தால் அடுத்த இடத்தில் திறக்கும். நெருப்புப் பக்கம் எல்லாச் சந்துகளிலும் ஆணியால் கீறினால் அரை செ.மீ. ஆழத்துக்கு மாவு வருகிறது, அதற்கப்பால் ஆணி இறங்கவில்லை. போன வருடமும் இதே ஆழம்தான்.

வாசல் வளைவில் ஹை அலுமினா சாந்து இன்னும் கூர் மழுங்காமல் நிற்கிறது. ஆனால் அதன் பக்கத்துக் கல் ஒன்று குறுக்கே பிளந்துவிட்டது. கொத்தனார் பார்த்துவிட்டு, "அங்க சாந்து ரொம்பக் கெட்டிங்க சார், கல்லு தோத்துருச்சு" என்றார். தை பிறந்ததும் அந்த ஒரு கல்லை எடுத்துவிட்டு, சுற்றிலும் புற்றுமண்ணில் வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். வாசலுக்கு மேலே தகரத்தில் ஒரு இறவாணம் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.